தமுக்கம்: ஒரு திடல் மன்றமான வரலாறு

மதுரையைக் காண வரும் இலக்கிய அன்பர்கள் பெரும்பாலும் வைகையின் தென்கரையோடு நின்றுவிடுகின்றனர். மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால், மாரியம்மன் தெப்பக்குளம் என்று காண்பதற்கு அங்கே நிறைய உண்டு. வடகரையில் தல்லாகுளத்தை ஒட்டியுள்ள தமுக்கத்தை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். புத்தகத் திருவிழாவுக்கு வந்து பை நிறைய நூல்களோடு திரும்பியிருப்பார்கள். ஆயினும் அந்தத் திடலை வரலாற்றுச் சின்னங்களின் வரிசையில் வைத்து எண்ணுவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. கோயிலுக்குக் கல்வெட்டு இருக்கிறது. அரண்மனைக்குத் தூண் இருக்கிறது. திடலில் எஞ்சுவது எதுவுமில்லை. நேற்று இலட்சம் பேர் கூடிய இடத்தில் இன்று காலை கம்பு நட்ட குழிகளும் கரும்புச் சக்கையும் கிடக்கும். நாளை அவையும் இரா. ஆனால் ஓர் ஊரின் மக்கள் தம்மைத் தாமே ஒருசேரக் காணும் இடம் திடல்தான். அந்த வகையில் தமுக்கத்தின் கதை, கோபுரங்களின் கதையைவிட எவ்விதத்திலும் சிறியதன்று. ஆள்வோர் காண்பதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஊரார் கூடும் மன்றமாக மாறியது எவ்வாறு, அந்த மாற்றம் எவ்வளவு உறுதியானது என்ற இரண்டு கேள்விகளை முன்வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'தமுக்கடித்து ஊரைக் கூட்டும் இடம் ஆதலின் தமுக்கம்' என்று மாணவர் சிலர் விடை எழுதுவதுண்டு. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் சொல் தமிழ் அன்று. 'தமகமு' என்னும் தெலுங்குச் சொல்லின் வழி வந்தது. கோடை மாளிகை என்பது அதன் பொருள். நாயக்க மன்னர்களின் அரண்மனை மொழி தெலுங்கு. ஆகவே தமுக்கம் என்பது தொடக்கத்தில் திடலின் பெயர் அன்று, ஒரு கட்டடத்தின் பெயர். இன்று காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறதே, அந்த மாளிகைதான் தமுக்கம். அதன் முன்னிருந்த வெற்றுநிலத்திற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டதில்லை; மாளிகையின் பெயரே அதற்கும் போதுமானதாக இருந்தது.

இன்று நிலை தலைகீழ். 'தமுக்கத்திற்குப் போகிறேன்' என்று மதுரைக்காரர் ஒருவர் சொன்னால் அவர் திடலுக்குத்தான் போகிறார். மாளிகைக்குச் செல்பவர் 'காந்தி மியூசியம்' என்பார். காண்பவர் இருந்த மாளிகையின் பெயரைக் காணப்பட்ட நிலம் எடுத்துக்கொண்டது. இவ்வூரின் முந்நூறு ஆண்டு அரசியல் மாற்றத்தை இந்தப் பெயர் மாற்றத்திற்குள் வைத்துப் படித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

*

திடல் தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் மன்றம் என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஊர் நடுவே மரநிழலில் அமைந்த பொதுவிடம் அது. வழக்குகள் தீர்க்கப்பட்டதும் குரவை ஆடப்பட்டதும் வழிப்போக்கர் தங்கியதும் அங்கேதான். ஓரிடத்திற்கு ஒரு பயன் என்று அன்று வகுக்கப்படவில்லை.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரின் நாளங்காடி இதற்கு இன்னும் பெரிய சான்று. மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில், சோலை மரங்களின் கீழ், அது அமைந்திருந்தது. இரு வேந்தரின் படைகள் எதிர்ப்படும் போர்க்களத்தை அந்த இடைநிலத்திற்கு இளங்கோவடிகள் உவமை ஆக்குகிறார். வணிகம் நடந்த அதே இடத்தில் காவற்பூதத்திற்குப் பலியும் இந்திர விழாவின் ஆரவாரமும் நிகழ்ந்தன. அங்காடி, வழிபாடு, விழா என மூன்றும் ஒரே நிலத்தில்.

மதுரையையே எடுத்துக்கொண்டாலும் மதுரைக்காஞ்சியில் ஓணநாள் கொண்டாட்டத்தின்போது மறவர் தம்முள் பொருவதும், களிறுகள் விரட்டப்படுவதும், அவற்றைக் காணக் கூட்டம் கூடுவதும் சொல்லப்படுகின்றன. கலித்தொகையின் முல்லைக்கலியிலோ ஏறுதழுவும் களம் முழுமையாகவே விரிகிறது. காளைகள் அடைக்கப்பட்ட தொழு, அதனுள் பாயும் இளைஞர், பரண்மீதிருந்து காணும் ஆயர் மகளிர், எல்லாம் முடிந்தபின் மன்றத்தில் குரவை. அந்தக் களத்தில் காண்பவரும் காணப்படுபவரும் ஓர் இனத்தவர்; உறவினர். இன்று பரணில் நிற்பவளின் தமையன் களத்தில் இருக்கிறான். நாளை அவள் அவனுக்கே உணவு இடுவாள்.

நாயக்கர் காலத் தமுக்கம் இந்த மரபிலிருந்து வேறுபட்டது. அங்கே உயரத்தில் இருப்பவர் வேறு, மண்ணில் இருப்பவர் வேறு.

*

மாளிகையைக் கட்டியவர் யார் என்பதில் ஊர் வழக்கு இரண்டாகப் பிரிகிறது. திருமலை நாயக்கர் என்பர் சிலர். இராணி மங்கம்மாள் என்பர் பலர். 1670 ஐ ஒட்டிக் கட்டப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் காலக்கணிப்பு. திருமலை நாயக்கர் 1659 இல் மறைந்தார். மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றது 1689 இல். 1670 என்பதை ஏற்றால் அப்போது அரியணையில் இருந்தவர் சொக்கநாத நாயக்கர்; மங்கம்மாள் அவருடைய மனைவி. எவ்வாறாயினும் மக்கள் நினைவு மாளிகையை மங்கம்மாளுக்கே உரித்தாக்கிவிட்டது. சாலையும் சத்திரமும் அமைத்த அரசிக்கு ஊர் தந்த நன்றியாகவும் இதைக் கொள்ளலாம்.

மாளிகையின் அமைப்பில் அதன் பயன் தெரிகிறது. நிலமட்டத்திலிருந்து உயர்ந்த மேடை; அதன்மேல் தூண்களும் வளைவுகளும் குவிந்த விதானமும். தென்கரை மகாலைப் போலக் கொலுவிருக்கும் மண்டபமாக இது அமையவில்லை. காற்று வாங்கவும் கீழே நடப்பதைக் காணவும் ஏற்ற இடமாக அமைந்தது. யானைப்போர், விலங்குச் சண்டை, மற்போர் ஆகியவற்றை அரச குடும்பத்தார் இங்கிருந்து கண்டனர் என்பது நெடுங்கால வழக்கு. ஆங்கிலேய அதிகாரிகளும் இதைக் கேட்டு எழுதி வைத்துள்ளனர்.

இவ்வழக்கம் நாயக்கர்களுக்கு எங்கிருந்து வந்தது? விசயநகரத்திலிருந்து வந்தது எனக் கருத இடமுண்டு. அம்பியில் இன்றும் நிற்கும் மகாநவமி மேடையின் பக்கக் கற்களில் யானைகளும் மல்லரும் ஆடல் மகளிரும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். 1520 ஐ ஒட்டி அங்கு வந்த போர்த்துக்கீசியரான டொமிங்கோ பயஸ், நவராத்திரி நாட்களில் அரசர் முன்னிலையில் மற்போரும் ஆடலும் வாணவேடிக்கையும் நடந்ததை விரிவாக எழுதியுள்ளார். விசயநகரத்தின் ஆளுநராகத் தொடங்கித் தனியரசர்களான மதுரை நாயக்கர்கள் அந்த விழாவையும் உடன் கொண்டுவந்தனர். விழாவில் அரசர் காண்பார். அரசர் காண்பதை மக்கள் காண்பர். நிகழ்ச்சியின் மையம் யானை அன்று, மேடைமீது அமர்ந்திருக்கும் அரசரே.

யானைப்போர் எவ்வாறு நடந்தது என்பதற்கு ஏறத்தாழ இதே காலத்தில் தில்லியில் அதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பெர்னியரின் விவரிப்பு துணைபுரிகிறது. இரு யானைகளுக்கு நடுவே மண்சுவர் ஒன்று எழுப்புவர். சுவர் இடியும்வரை யானைகள் மோதும். பிரிக்க வேண்டுமானால் நடுவே வெடிகளைக் கொளுத்தி எறிவர். போர் நாளன்று பாகர்கள் மரணத் தீர்ப்புப் பெற்றவர்களைப் போல மனைவி மக்களிடம் விடைபெற்று வருவர் என்றும் அவர் எழுதுகிறார். அது மொகலாயர் அவை. மதுரையிலும் அப்படியே நடந்தது என்று கூற இயலாது. ஆனால் யானை எங்கும் யானைதான். பாகனும் எங்கும் பாகன்தான். தமுக்கத்தின் மண்ணில் விழுந்தவர் எவரேனும் இருந்தால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மாளிகையில் இருந்தவர்களின் பெயர்கள்தாம் வரலாற்றில் உள்ளன.

*

1736 அளவில் நாயக்கராட்சி முடிந்தது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி வந்தது. 1801 இல் கும்பினியாட்சி நிலைபெற்றது. யானைகள் போயின. ஆங்கிலேயர் காலத்தில் தமுக்கம் மாளிகை மாவட்ட உயரதிகாரிகளின் உறைவிடமாயிற்று. நீதிபதிகளும் பின்னர் ஆட்சியரும் அங்கே குடியிருந்தனர். காட்சி ஏதும் நடக்கவில்லை. ஆயினும் உயரத்தில் ஆள்பவர், கீழே வெற்றுநிலம் என்ற பழைய ஏற்பாடு மாறவும் இல்லை.

இதற்கிடையில் மதுரை மாறிக்கொண்டிருந்தது. 1830களின் இறுதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தார். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்களே புதிய தெருக்களுக்கு இடப்பட்டன. 1866 இல் நகராட்சி அமைந்தது. 1889 இல் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது. தமுக்கத்தைப் பொறுத்தவரை இந்தப் பாலம்தான் முதன்மையான நிகழ்ச்சி என்பேன். அதுவரை வடகரை என்பது ஆற்றைக் கடந்து செல்ல வேண்டிய வேற்றிடம். வெள்ளம் வந்தால் எட்டாத இடம். பாலம் வந்தபின் எந்த நாளிலும் கால்நடையாகச் சென்று திரும்பும் தொலைவுக்கு அது வந்துவிட்டது. அலுவலகங்களும் கல்லூரியும் குடியிருப்புகளும் வடகரையில் பெருகின. ஊருக்கு வெளியே இருந்த அரசத் திடல், தான் அசையாமலே ஊருக்குள் வந்து சேர்ந்தது.

விடுதலைக்குப்பின் மாளிகையும் நிலமும் வெவ்வேறு வழியில் சென்றன. 1955 இல் மாளிகை காந்தி நினைவு நிதிக்கு அளிக்கப்பட்டது. 1959 ஏப்ரல் 15 அன்று ஜவகர்லால் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடை இன்றும் அங்கே இருக்கிறது. வேட்டியையும் மேலாடையையும் விடுத்து அரையாடைக்கு அவர் மாறியது 1921 இல் இதே மதுரையில், மேலமாசி வீதியில். போரைக் கண்டு களிக்கக் கட்டிய மாளிகையில் கொல்லாமையைப் போதித்தவரின் ஆடை வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

மாநகராட்சியின் பொறுப்பில் இருந்த மைதானத்திற்குத்தான் தமுக்கம் என்ற பெயர் நிலைத்தது. மாளிகையிலிருந்து பார்ப்பவர் இனி யாரும் இல்லை. காண்பவர் அனைவரும் மண்ணுக்கு இறங்கிவிட்டனர்.

*

அதன்பின் திடல் கண்ட பயன்களைப் பட்டியலிட்டால் நீளும். அரசியல் மாநாடுகள், சமயச் சொற்பொழிவுகள், சர்க்கஸ், வணிகக் கண்காட்சிகள், உடற்பயிற்சி, மட்டைப்பந்து. இவற்றுள் சித்திரைப் பொருட்காட்சிக்குத் தனியிடம் உண்டு.

அந்தப் பொருட்காட்சி தமுக்கத்தில் வேர்கொண்டதற்குக் கள்ளழகரே காரணம். அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டு வரும் அழகரை மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைக்கும் கூட்டம், தல்லாகுளம் வரை உடன் வருகிறது. ஆண்டாள் சூடிய மாலையைத் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் அணிந்துகொண்டு, தங்கக் குதிரையில் அவர் வைகைக்கு இறங்குகிறார். தென்மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வண்டி கட்டி வந்த குடும்பங்கள் அந்த வழியெங்கும் தங்கும். திருவிழாவுக்கு வந்தவர்கள் மறுநாள் செல்ல ஓர் இடம் வேண்டுமல்லவா? அது தமுக்கமாயிற்று. அரசு, துறைதோறும் அரங்கு அமைத்து அணைக்கட்டுகளையும் விதைகளையும் தடுப்பூசியையும் பற்றி விளக்கியது. மக்கள் அவற்றைப் பார்த்துவிட்டு ராட்டினத்திற்கும் டெல்லி அப்பளத்திற்கும் சென்றனர். எது முதன்மை, எது துணை என்பதை அவரவர் வயது முடிவு செய்தது.

பொருட்காட்சித் திடல்களில் மரணக்கிணறு என்றொரு காட்சி உண்டு. பலகையால் ஆன பெருங்கிணற்றின் உட்சுவரில் மோட்டார் சைக்கிளைச் செங்குத்தாக ஓட்டுவர். மக்கள் விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பர். அதைக் காணும்போதெல்லாம் பெர்னியர் எழுதிய பாகர்கள் எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. பிறர் காண்பதற்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பவன் திடலிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. அரசர் போய்ச் சீட்டு வாங்கியவர் வந்தார் என்பதுதான் மாற்றம். மன்றம் என்று புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலைக்கும் இங்கு இடம் இருந்தது. தமுக்கத்தின் முகப்பில் சங்கரதாஸ் சுவாமிகளின் சிலை நிற்கிறது. 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்கள் உள்ளிட்ட ஒரு தலைமுறையை உருவாக்கியவர் அவர். ஊர்த் திடல்களில் இரவெல்லாம் நடந்த இசை நாடகத்தின் ஆசிரியருக்கு நூலகத்தின் முன் அல்லாமல் திடலின் முன் சிலை அமைந்தது மிகப் பொருத்தம். நாடக நடிகர்கள் அவருடைய நினைவு நாளில் அங்கு வந்து மாலை அணிவிக்கும் வழக்கமும் தொடர்ந்துவருகிறது.

அதே பகுதியில் உள்ள தமிழன்னை சிலை, 1981 சனவரியில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி எழுந்தது. அந்த மாநாட்டை நினைக்கும்போது அதற்கு முந்தைய மாநாட்டை மறக்கலாகாது. 1974 இல் யாழ்ப்பாணத்தில் நான்காம் மாநாடு நடந்தது. சனவரி 10 அன்று இறுதிநாள் பொதுக்கூட்டத்திற்குத் திறந்தவெளி அரங்கு கிடைக்காமல் போக, கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்புறத்திற்கு மாற்றப்பட்டது. சாலைவரை நிறைந்திருந்த மக்கள்மீது காவல்துறை பாய்ந்தது. அறுந்து விழுந்த மின்கம்பி உயிர்களைப் பறித்தது. தமிழ் கேட்க வந்தவர்கள் அவர்கள். மக்கள் கூடுவதற்கு ஒரு திடல் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

2006 முதல் மதுரைப் புத்தகத் திருவிழாவின் இடமும் தமுக்கமே. நம்மில் பலருக்குத் தமுக்கம் அறிமுகமானது அதன் வழியாகத்தான்.

*

2017 சனவரியில் நிகழ்ந்ததைத் தனியே சொல்ல வேண்டும். ஏறுதழுவலுக்கு 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்து மதுரையின் மாணவர்களும் இளைஞர்களும் தமுக்கத்தில் திரண்டனர். இரவும் பகலும் அங்கேயே தங்கினர். அவர்களை அழைத்தது எந்தக் கட்சியும் அன்று. ஊரார் உணவும் நீரும் கொண்டுவந்து கொடுத்தனர். சனவரி 21 அன்று அவசரச் சட்டம் பிறந்தது. 23 அன்று சட்டமன்றம் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. 2023 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது.

ஏறுதழுவலைப் பற்றி நமக்குள் வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். நான் கவனிக்க விரும்புவது திடலை. மன்னர்கள் விலங்குப்போர் காண்பதற்கென அமைத்த நிலத்தில், தம் ஊர்க் களத்தை மீட்டுத்தருமாறு மக்கள் வந்து அமர்ந்தனர். அங்கே காட்சி இல்லை, சீட்டும் இல்லை. வந்தவர்களே நிகழ்ச்சி. முல்லைக்கலியின் மன்றம் நாயக்கரின் தமுக்கத்திற்குள் புகுந்துகொண்டது என்று வகுப்பில் சொன்னேன். மாணவர்கள் விளக்கம் கேட்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் அங்கு இருந்தவர்கள்.

இவ்வாறு கூடுவதற்கு என்ன தேவைப்பட்டது? பாலத்தை அடுத்து, பேருந்துகள் கடந்துசெல்லும் வழியில், கதவு தட்டி அனுமதி கேட்க வேண்டியிராத ஒரு வெற்றிடம். வேறொன்றும் இல்லை.

*

அந்த வெற்றிடம் இப்போது முன்போல் இல்லை. சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் தமுக்கத்தில் கட்டப்பட்ட மாநாட்டு மையம் 2022 இல் திறக்கப்பட்டது. புத்தகத் திருவிழாவும் அதன் கூரையின்கீழ் சென்றது. இதில் நன்மை இல்லை என்று கூறமாட்டேன். ஆவணி, புரட்டாசி மழையில் தகரக் கொட்டகை ஒழுகி நூல்கள் நனைவதைக் கண்டவர்கள் அந்தக் கூரையைக் குறை கூறத் தயங்குவார்கள். முதியோர் அமர்ந்து உரை கேட்க வசதி இருக்கிறது. குளிர்காற்றும் உண்டு.

ஆனால் மண்டபத்திற்கும் மன்றத்திற்கும் உள்ள வேறுபாடு கூரை மட்டும் அன்று. மண்டபத்திற்கு வாடகை உண்டு, முன்பதிவு உண்டு, கதவு உண்டு. அங்கு நடக்கப்போவது என்ன என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். திடல், தன்னுள் என்ன நடக்கப்போகிறது என்பதை அறியாமல் இருப்பதனாலேயே எல்லாவற்றுக்கும் இடம் தந்தது. யானைக்கும் காந்தியத்திற்கும் ராட்டினத்திற்கும் நாடகத்திற்கும் புத்தகத்திற்கும் போராட்டத்திற்கும் ஒரே நிலம் பொருந்தியதென்றால், அது எதற்காகவும் கட்டப்படாமல் இருந்ததே காரணம்.

2025 சனவரி 7 அன்று அரிட்டாபட்டிப் பகுதியின் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரத்து உழவர்கள் ஆயிரக்கணக்கில் புறப்பட்டபோதும் அவர்கள் நோக்கி வந்தது தல்லாகுளத்தைத்தான். அம்மாதம் 23 அன்று மத்திய அரசு ஏலத்தைக் கைவிட்டது. கூடவேண்டும் என்று தோன்றும்போது மதுரை மக்களின் கால்கள் இன்றும் அதே வடகரைக்குச் செல்கின்றன. கால்கள் அறிந்த இடத்தில் நிலம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாம் கல்வெட்டுகளைப் படியெடுக்கிறோம், சுவடிகளைப் பதிப்பிக்கிறோம், இடிந்த கோபுரத்திற்குக் குடமுழுக்கு நடத்துகிறோம். வெற்றுநிலத்தைப் பாதுகாக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் வளரவில்லை. ஊருக்கு ஊர் மந்தையும் பொட்டலும் ஒவ்வொன்றாகக் கட்டடமாகிக்கொண்டிருக்கும் காலம் இது. அடுத்த முறை புத்தகத் திருவிழாவுக்கு வரும் நண்பர்கள், மாநாட்டு மையத்தை விட்டு வெளியே வந்து, எஞ்சியுள்ள மண்ணில் சிறிது நேரம் நடந்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அருகிலேயே மங்கம்மாளின் மாளிகையும் இருக்கிறது. அதன் மேடைமீது நின்று பார்த்தால், காண்பதற்காக அரசர் கட்டியது எது, நமக்காக வந்துசேர்ந்தது எது என்பது விளங்கும்.